மாமாவின் பெட்டியில் கேட்டை, என் போனில் மூலம்

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைப் பழுது பார்க்கவும் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. தினமும் பஸ்ஸில் போகிறவளுக்கு பஸ் இன்ஜின் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போய் ஒரு அலுவலகத்தில் பில் போட்டுவிட்டு சாயங்காலம் திரும்பி வருகிறவள். என் கம்ப்யூட்டர் அறிவு அவ்வளவுதான். ஆனாலும் எந்த வீட்டில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டாலும், யார் போனில் எழுத்து பூதாகரமாகிப் போனாலும், கூப்பிடுவது என்னைத்தான். நானும் போவேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. போய்விட்டு வந்து வீட்டில் பாத்திரங்களை டமால் டமால் என்று வைப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரை என் கணவர் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அதனால் கட்டிக்கொண்டு வந்த எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. அவர்களுடைய ஒரே மகள் என்னை அண்ணி என்பாள். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தெருவுக்கெல்லாம் ஜாதகம் போட்டுக் கொடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டார். காசு வாங்க மாட்டார். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் போதும், கட்டம் கட்டமாக அச்சடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பார்.

அச்சடிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் எந்தக் காலத்திலோ வாங்கியது. பின்பக்கம் பெருத்த மானிட்டர், பழுப்பேறிய கீபோர்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்க்ரூக்கள். ஆன் செய்தால் பீப் என்று கத்தும். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு புகார் வரும். எஃப் ஒன் பட்டனை அழுத்தினால்தான் மேற்கொண்டு நகரும். உள்ளே இருக்கிற வட்ட பேட்டரி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதனால் ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் அது தேதியை மறந்துவிட்டு, மறுபடி ஒரே பழைய நாளுக்குப் போய் நிற்கும். மாமா காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து எஃப் ஒன்னை அழுத்துவார், அதுவும் பூஜையில் சேர்ந்தது என்கிற மாதிரி.

அந்தத் தேதி விஷயத்தை நான் கண்டுபிடித்தது என் மகளின் ஜாதகத்தில். காகிதத்தின் அடியில் அச்சிட்ட தேதி என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பார்த்தால் என் மகள் பிறப்பதற்குப் பல வருடம் முந்தைய தேதி. எனக்குக் கல்யாணமே ஆகாத காலம் அது. எதிர் வீட்டுக் குழந்தையின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதே நாள். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிறப்பதற்கு முன்பே, ஒரே நாளில், ஜாதகம் தயாராகியிருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும்மா. மேல இருக்கறதுதான் முக்கியம்" என்றார்.

எனக்கு அது கிடக்கவில்லை. தினமும் பில்லில் தேதி சரிபார்த்துச் சரிபார்த்து என் கண் அப்படி ஆகிவிட்டது.

இனி மாமாவின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நட்டப்பட்டவள் அவள்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். முப்பதைத் தாண்டிவிட்டாள். நல்ல நிறம், நல்ல பேச்சு, கெட்டிக்காரி. இருந்தும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. காரணம் அவள் கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் வந்தால் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அண்ணன் இருக்கிற வீடெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனது. கடைசியாகக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. பையன்தான் வீட்டுக்கு மூத்தவன். சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்தான். மூத்தார் என்று ஒருவர் இல்லாத வீடு, கேட்டைக்கு யாரையும் கெடுக்க வழியில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப் போனது. பையனும் அவளும் சாயங்காலமானால் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அந்தப் பக்கத்து மாடியிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க, பெண்ணின் முழு ஜாதகத்தையும் அச்சடித்து அனுப்பும்படி பையனின் அப்பா கேட்டார். அதுவரை அவர்கள் கையில் இருந்தது நட்சத்திரமும் ராசியும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்தான். மாமா அச்சடிக்க உட்கார்ந்தால் பெட்டி பாதியில் அணைந்துபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் என்னைக் கூப்பிட்டார்.

"ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்குதும்மா. ரெண்டு பக்கம் வர்றதுக்குள்ள அணைஞ்சு போவுது. கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. நான் போகும்போது மாமா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது, மூலையில் பல்லி முட்டை. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, ஃபேனில் சிக்கியிருந்த முடியை எடுத்து, மூடி ஆன் செய்தேன். சத்தம் போயே போய்விட்டது. அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பீப் என்று கத்தி எஃப் ஒன் கேட்டது. அந்தச் செத்த பேட்டரி கண்ணில் பட்டது. தெருமுனை வாட்ச் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து போட்டு, இன்றைய தேதியையும் நேரத்தையும் வைத்தேன். கம்ப்யூட்டர் கத்தாமல், எஃப் ஒன் கேட்காமல், சமர்த்தாக எழுந்து வந்தது. அத்தை ஆச்சரியப்பட்டு எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா திரும்பி வந்து ஜாதக சாஃப்ட்வேரைத் திறந்தார். கட்டம் வரவில்லை. இலவசச் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, பயன்படுத்தியதற்கு நன்றி என்று மட்டும் வந்தது. அந்த நன்றியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"தேதிய ஏம்மா தொட்ட?"

"தப்பா இருந்துது மாமா."

"தப்பாத்தாம்மா இருக்கணும்."

விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த சாஃப்ட்வேர் ஒரு மாதம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது. பேட்டரி செத்திருந்ததால் கம்ப்யூட்டருக்கு என்றைக்குமே முதல் நாள். அதனால் மாதம் முடியவே இல்லை. தேதியைத் தொட்டுவிடாதீர்கள் என்று அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தவன் அன்றைக்கே எச்சரித்திருக்கிறான். மாமாவும் தொடவில்லை. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றினேன். பழைய தேதியையே வைத்துப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன், மாட்டினேன், மறுபடி அணைத்தேன். சாஃப்ட்வேர் மசியவில்லை. அலுவலகத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டதற்கு, புதுத் தேதியை ஒரு தடவை பார்த்துவிட்டால் அது மறக்காது என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"சரி விடும்மா. வேற வழி ஏதாச்சும் இருந்தா பாரு. அவுங்க நாளைக்குள்ள கேக்கறாங்க" என்றார் மாமா.

வழியா இல்லை? போனில் ஜாதகம் கணிக்கிற ஆப் ஆயிரம் இருக்கிறது. மறுநாள் காலையில் சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒன்றை இறக்கி, பெண் பிறந்த விவரத்தைத் தட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கலர் கலராகப் பல பக்கம் வந்துவிட்டது, பிள்ளையார் படம் போட்டு. மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருடையது பட்டன் போன், அதில் எதையும் அனுப்பிப் பார்க்க முடியாது.

"நீயே அவுங்களுக்கு நேரா அனுப்பிடும்மா" என்றார்.

நான் ஜாதகம் படிக்கத் தெரிந்தவள் இல்லை. கட்டம் என்றால் கட்டம். பேர் சரியா, பிறந்த தேதி சரியா என்று பில் பார்க்கிற கண்ணோடு பார்த்துவிட்டுப் பையனின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வந்தது.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது மாமா வீட்டு வாசலில் செருப்பைக்கூட விட முடியவில்லை. அத்தை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"எதை அனுப்பின நீ? பொண்ணு மூலம்னு வந்திருக்குதாம். கேட்டைன்னு சொல்லி ஏமாத்தினீங்களான்னு கேக்கறாங்க."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். மூலம், ஒன்றாம் பாதம் என்று பச்சை எழுத்தில் இருந்தது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். காட்டுமன்னார்கோயிலில் மூத்தார் கிடையாது, சரி. மாமனார் இருக்கிறார். கும்பிடு போட்டு எனக்குப் பதில் அனுப்பியதே அவர்தான்.

"ஆப் தப்பா போட்டிருக்கு மாமா" என்றேன்.

மாமா நாற்காலியிலிருந்து நிமிரவில்லை. "தப்பில்லம்மா. என் பொட்டியில இருந்தது வாக்கியப் பஞ்சாங்கம். உன் போன்ல திருக்கணிதம், அது வேற கணக்கு. அவசரத்துல அதக் கேக்காம விட்டுட்டேன். இவ பொறந்தது கேட்டை முடிஞ்சு மூலம் ஆரம்பிக்கிற எடத்துல. வாக்கியத்துக்குக் கேட்டை, திருக்கணிதத்துக்கு மூலம்."

"ரெண்டுல எது சரி?"

"ரெண்டும் சரிதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு குழந்தை ஒரே ஒரு தடவைதான் பிறக்கிறது. அதற்கு எப்படி இரண்டு நட்சத்திரம் இருக்க முடியும், இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? பில்லில் இரண்டு தொகை போட்டுவிட்டு இரண்டும் சரிதான் என்று நான் சொன்னால் மறுநாள் எனக்கு வேலை இருக்குமா? வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"கோயில்ல வாக்கியம்தாம்மா பாக்கறாங்க. எங்கப்பாவும் அதான் பாத்தாரு. நான் ஒண்ணும் பொய் சொல்லல."

"ஆனா இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அத்தைதான் சொன்னார். "தெரியாம? எத்தினி பேரு வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கச் சொன்னாங்க. அந்த டப்பாவ விடாம கட்டிக்கிட்டு அழுததே அதுக்குத்தான். அதுல மட்டும்தான் இவ எப்பவும் கேட்டை."

பெண் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. அன்றைக்கு அவள் மாடிக்குப் போகவில்லை.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஆப்பைத் துருவித் துருவிப் பார்த்ததில், அதற்குள்ளேயே வாக்கியமா திருக்கணிதமா என்று தேர்ந்தெடுக்க ஒரு இடம் இருந்தது. வாக்கியத்தைத் தொட்டேன். மூலம் போய்க் கேட்டை வந்தது. ராசிகூட தனுசிலிருந்து விருச்சிகத்துக்கு மாறியது. விரல் நுனியில் ஒரு பெண்ணின் தலையெழுத்தை மாற்றி மாற்றிப் போட முடிகிறது. இதற்கா இத்தனை வருடம் ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் இரண்டையும் சிதம்பரம் மேலவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஏறினேன். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பையனின் அப்பா மரியாதையான மனிதர். வாசலுக்கே வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எழுபதை நெருங்கும் வயதிருக்கும், ஆனால் நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கக்கூடிய உடம்பு. நான் இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் வைத்து, கம்ப்யூட்டர், பேட்டரி, தேதி, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு என்னுடையது, அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பையன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்காகவும் சேர்த்துத்தான் நான் பேசினேன்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. எங்க வீட்டுலயும் வாக்கியம்தான் பாக்கறோம்" என்றார் பெரியவர்.

"அப்புறம் என்னங்க?"

"தெரியாம இருந்திருந்தா ஒண்ணும் இல்ல. தெரிஞ்சு போச்சே. நாளைக்கி எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட வீட்ல எல்லாரும் அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பாப்பாங்க. எனக்கு உசிரு மேல ஆசை கெடையாது. இவங்கம்மா பயப்படறாங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கடைசிவரை வெளியே வரவில்லை. நல்ல மனிதர்களிடம் சண்டை போட முடியாது, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். எனக்குக் காபி கொடுத்தார்கள், பாதியிலேயே வைத்துவிட்டேன்.

"வெயிலா இருக்குது. இவன் வண்டியில கொண்டு போயி பஸ் ஸ்டாண்டுல விடுவான்" என்றார் பெரியவர்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பெரியவர்கள் முன்னால் பேச முடியாமல் நின்றிருப்பான், வண்டியில் பேசுவான் என்று நினைத்தேன். அவன் பேசுவதற்கு வசதியாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். தெரு தாண்டியது, அரிசி மில் தாண்டியது, கடைத்தெரு வந்தது. நானே ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு என்ன தோணுது தம்பி?"

அவன் ஹாரன் அடித்தான். எதிரில் ஒரு மாடுகூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டே, "பஸ் இப்ப வந்துடும்ங்க அக்கா" என்றான். போய்விட்டான். பஸ் வர நேரமாயிற்று. நான் அந்த இடத்திலேயே நின்று, அவனிடம் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் மாறி, கடலூர் வந்து சேரும்வரை ஒரே யோசனைதான். அவளிடம் என்ன சொல்வது? அவன் வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தான் என்று சொல்லிவிடலாமா? அவன் இல்லை என்றால் அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கை இருக்கும். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு முடிவு செய்ய வரவில்லை.

அவள் எங்கள் வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன உடுப்பைக்கூட மாற்றவில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கம் சுவரோரமாக வந்து நின்றார்கள். பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவள் எதற்கும் அசையவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்.

"அவரு வீட்ல இருந்தாரா அண்ணி?"

வழி நெடுக யோசித்து வந்த பொய் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இருந்தாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டாரு."

"வண்டியிலயா? தனியா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"பஸ் இப்ப வந்துடும்னு சொன்னாரு."

அவள் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று சற்று நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பையனை நடுரோட்டில் நிற்கவைத்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"அப்ப காரணம் மூலமும் இல்ல, கேட்டையும் இல்ல" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவுங்களுக்கு போன் போடுங்க. இந்த எடம் வேணாம்னு நான் சொன்னதா சொல்லுங்க. அவுங்க வேணாம்னதா இருக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண் தெரியவில்லை என்று சொல்லி அதை அவளிடமே நீட்டினார். அவள் நம்பரைப் பார்க்காமலே அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அப்பா கையில் கொடுத்தாள்.